ஒரு நாள் முந்திப் பொங்கிய பீர்

ஸோலிலே என்றால் எங்கள் பேச்சில் அமைதியானவன் என்று அர்த்தம். பிறந்த அன்று அழாமல் கிடந்தானோ என்னவோ, அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். வளர்ந்த பிறகு அவன் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரை முழுதாகக் குடித்ததைப் பார்த்தவர் யாருமில்லை. பாதி குடிப்பான். எழுந்து போய் ஆட்டுப்பட்டியின் படலைத் தள்ளிப் பார்ப்பான். திரும்பி வந்து, ஆறிப்போன மீதியை ஒரே மடக்கில் விழுங்குவான். சுரங்க வேலையை விட்டுவிட்டு, போன குளிர்காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம் இன்னும் மோசமாகியிருந்தது.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மக்காச்சோளம் முழங்கால் உயரம் வளர்ந்தபோது களை அதற்கும் மேலே நின்றது. ட்சோலோ டவுனுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய சரிவில் இருந்தது அவன் நிலம். வாசலில் நின்றாலே தெரியும். காலையில் எழுந்ததும் பார்ப்பான், பல் துலக்கும்போது பார்ப்பான், ஆட்டைத் திறந்துவிட்டுப் பார்ப்பான். பார்க்கப் பார்க்கக் களை வளர்வது போலவே இருக்கும்.

அவ்வளவு பெரிய நிலத்தை ஒருத்தனாகக் களையெடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்வதுமில்லை. வீட்டில் சோள பீர் காய்ச்சி, அக்கம்பக்கத்தில் சொல்லியனுப்பினால் போதும். ஆணும் பெண்ணுமாகக் களைக்கொத்தோடு வந்து இறங்குவார்கள். பாடிக்கொண்டே கொத்தி, வெயில் ஏறுவதற்குள் முடித்து, நிழலில் உட்கார்ந்து பீரைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது. பீர் இல்லையென்றால் ஆளும் கிடையாது.

பீர் காய்ச்சுவது வீட்டுப் பெண்ணின் வேலை. ஸோலிலேயின் மனைவி வுயெல்வா கேப்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டு ஜனவரி பிறந்ததும் பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்காரி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சிக் கொடுப்பாள். ஸோலிலேயின் பக்கத்து வீட்டுக்காரி மாஜோலா. ஜோலா குலத்தில் பிறந்தவள் என்பதால் ஊரே அவளை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடும். பீர் காய்ச்சுவதில் ஊரிலேயே கைதேர்ந்தவள். ஆனால் அவளிடம் போய் நிற்க இவனுக்கு முகமில்லை.

முந்தின வருஷம் விடுமுறைக்கு வந்திருந்தபோது, மாஜோலா வீட்டு அறுவடையில் எல்லோர் முன்னாலும் தகரக் குவளையை உயர்த்திப் பிடித்து, "கம்பளி அலசின தண்ணியில யாரோ சோளத்தக் கொட்டிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டான். சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மாஜோலா சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த குவளையை வாங்கி, மிச்சத்தை நாய்க்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் காய்ச்சாத வீட்டுக்கு வேறு எந்தப் பெண்ணும் காய்ச்ச வரமாட்டாள்.

"போய் ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வாயேன்யா" என்றான் ஃபிகிலே. சின்ன வயசிலிருந்து சிநேகிதன். குடிக்கிற இடம் எதுவானாலும் முதல் ஆளாக இருப்பவன்.

"நானே காய்ச்சுறேன்."

"என்னது?"

"காது கேக்கலையா? நானே காய்ச்சுறேன்னு சொன்னேன்."

ஃபிகிலே தரையில் உட்கார்ந்தே சிரித்தான். "பேலே குலத்து ஆம்பள அடுப்புகிட்ட உக்காந்து கூழு கிண்டப் போறானாம். இதப் பாக்கவாவது நான் சாகாம இருக்கணும்."

ஸோலிலே எழுந்து போய்ப் படலைத் தள்ளிப் பார்த்தான்.

அன்றைக்கே ட்சோலோவுக்குப் போய் மக்காச்சோள மாவும், முளைகட்டி அரைத்த சோள மாவும் வாங்கி வந்தான். பெரிய இரும்புப் பானை வீட்டிலேயே இருந்தது. நீல நிற டிரம் ஒன்றும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறினால்தான் போனுக்கு சிக்னல் வரும். ஏறி நின்று வுயெல்வாவைக் கூப்பிட்டான்.

"எனக்கே அரைகுறையாத்தான் தெரியும் பேலே" என்றாள் அவள். குலப்பெயர் சொல்லித்தான் புருஷனைக் கூப்பிடுவாள். "உங்கம்மா என்னை டிரம்மு பக்கமே விடமாட்டாங்க. விறகு தூக்கு, தண்ணி தூக்குன்னே ஓட்டிட்டாங்க. தெரிஞ்சதச் சொல்றேன். ரெண்டு மாவையும் வெந்நீர் ஊத்திக் கலந்து புளிக்க வைங்க. மறுநாள் அத அடுப்புல ஏத்திக் கூழாக் காய்ச்சுங்க. ஆற வைங்க. நல்லா ஆறணும், கேட்டுச்சா? ஆறின பெறகுதான் முளைச்சோள மாவு மறுபடி போடணும். சூட்டுல போட்டா செத்துப்போயிடும்."

"எவ்வளவு ஆறணும்?"

"கையை விட்டுப் பாருங்க. கன்னுக்குட்டி மூக்கத் தொட்டா எப்படி இருக்கும்? அப்படி இருக்கணும்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. புளிக்க வைத்த மாவு மறுநாள் லேசாகக் குமிழ் விட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விறகை அள்ளிப் போட்டுக் கூழைக் காய்ச்சினான். பெரிய மரத்துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினான். வலது கைப்பிடி நழுவிக்கொண்டே இருந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. கூழை அகலமான தொட்டிகளில் ஊற்றி ஆறவைத்தான். அங்கேயும் இங்கேயும் நடந்தான். வந்து பார்த்தான். ஆவி பறந்தது. போய் ஆட்டைப் பார்த்தான். வந்தான். மேலே ஆடை கட்டியிருந்தது. வலது கை விரல்களை உள்ளே விட்டான். ஒன்றும் சுடவில்லை. ஆறிவிட்டது என்று எல்லாவற்றையும் டிரம்மில் கொட்டி, முளைச்சோள மாவைத் தூவிக் கலக்கி, கம்பளியால் மூடினான்.

மறுநாள் விடிந்ததும் டிரம்மில் காதை வைத்துக் கேட்டான். பொங்கும் பீர் பேசும் என்று எல்லோரும் சொல்வார்கள். இது ஊமையாக இருந்தது. துடுப்பை விட்டுக் கலக்கினான். மத்தியானம் மறுபடி கலக்கினான். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் மாவு போட்டான். அதற்கடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு வாடை கிளம்பியது. தலைமாட்டில் மறந்துவிட்டுப் போன ஈரச் சாக்கின் வாடை.

ஃபிகிலே ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய்த் துப்பினான்.

"பீரு எங்க?"

"அதுதான்."

"இது களிய்யா. பல்லு போனவங்களுக்குக் குடு, புண்ணியமாப் போகும்."

பன்றிகளுக்குக் கொட்டினான். டிரம்மைக் கழுவும்போதுதான் வலது கையைச் சரியாகப் பார்த்தான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் வெந்து உரிந்து தொங்கியது. வெந்து நாளாகியிருக்க வேண்டும். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. விரலைக் கிள்ளிப் பார்த்தான். யாரோ அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டுவது போல எங்கோ தூரத்தில் ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

சுரங்கத்தில் வருஷக்கணக்காகப் பாறை துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்து நின்ற கை அது. முதலில் குளிர்காலக் காலைகளில் விரல் வெளுத்து மரத்துப்போகும், பிறகு சரியாகிவிடும். பிறகு சரியாவதற்கு நேரம் பிடித்தது. கடைசி வருஷம் சரியாகவே இல்லை. யாரிடமும் அவன் சொல்லவில்லை. வேலையை விட்டு வந்ததற்கு வேறு காரணம் சொல்லி வைத்திருந்தான்.

மேட்டில் ஏறி வுயெல்வாவிடம் பீர் செத்துப்போனதைச் சொன்னான்.

"சூட்டுல போட்டுட்டீங்க" என்றாள் உடனே.

"இல்ல. கையை விட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். கொஞ்சங்கூடச் சுடல."

முதியோர் இல்லத்தில் யாரோ மணி அடித்துக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"எந்தக் கையை விட்டீங்க?"

அவன் மேட்டிலிருந்து நிலத்தைப் பார்த்தான். களையின் நுனிகள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"பேலே, எந்தக் கைன்னு கேட்டேன்."

"குளிர்ல கொஞ்சம் மரத்திருந்துச்சு போல."

"இந்த வெயில் காலத்துலயா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரண்டாவது தடவை இடது கையை விட்டுப் பார்த்தான். சந்தேகம் தீராமல் முழங்கை மடிப்பையும் வைத்துப் பார்த்தான். கன்றுக்குட்டி மூக்கு என்றால் என்ன என்று இப்போது புரிந்தது. மறுநாள் காலையில் டிரம் பேசியது. காய்ந்த சருகில் தூறல் விழுவது போல மெல்லிய சத்தம். மூடியைத் திறந்து பார்த்தான். மூடினான். ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்த்தான். கலக்கினான். ஆட்டைப் பார்க்கப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்து திறந்து பார்த்தான்.

"அதத் தொடாம இருங்க" என்றாள் வுயெல்வா போனில். "நீங்க தொறக்கத் தொறக்க கண்டதும் உள்ள விழும். கலக்காதீங்க. மூடிட்டுப் பேசாம இருங்க. உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன்."

பேசாம இருப்பது தன்னால் ஆகாது என்று அவனுக்கும் தெரியும். அதனால் தன் கையைத் தானே கட்டிப்போடுவது போல ஒரு வழி கண்டுபிடித்தான். டிரம்மோடு வந்த கெட்டி மூடியைப் போட்டு, அதன் இரும்பு வளையத்தை இழுத்துப் பூட்டினான். பிறகு, வீட்டில் இருந்தால்தானே திறக்கத் தோன்றும் என்று வேனில் ஏறி ட்சோலோவுக்கே போய்விட்டான். ஊரெல்லாம் சுற்றினான். ஒரு வேலையும் இல்லாமல் ஆணி வாங்கினான். தலைமுடி வெட்டிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அவன் வாசலில் ஆள் கூடியிருந்தது. வட்டக் குடிசைக்குள் மூடி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். கூரைப் புல்லிலிருந்து கூழ் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சுவரில், கட்டிலில், வுயெல்வாவின் தேவாலயச் சட்டை மாட்டியிருந்த ஆணியில், எங்கும் பழுப்பு நுரை. கோழிகள் உள்ளே புகுந்து தின்றுவிட்டு, நிற்கத் தெரியாமல் நின்றன.

"வெடி வச்சுப் பாறை ஒடைச்ச பழக்கம், விடமாட்டேங்குது" என்றான் ஒருவன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாஜோலா நின்றிருந்தாள். மாசக்கணக்காகப் பேசாதவள், அன்றைக்குப் பேசினாள்.

"பேலே! மனுஷங்களுக்கு முன்னாடி கூரைக்கு ஊத்திக் குடுத்துட்டியாமே. நல்ல மரியாதை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கோழிகளை விரட்டினான். டிரம்மின் அடியில் மிஞ்சியதை நாக்கில் வைத்துப் பார்த்தான். பீர்தான். கொஞ்சம் புளிப்பு, ஆனாலும் பீர். அவமானத்தையும் மீறி அந்த ஒரு வாய் அவனுக்குள் என்னவோ செய்தது. மூடியைப் பார்த்தான். உள்ளே இருப்பதற்கு மூச்சு விட இடம் வேண்டும் என்பது ஒருவரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

ஆனால் மாவு தீர்ந்திருந்தது. மழை வேறு மறுபடி பிடித்துக்கொண்டது. மழை விட்ட காலையில் அவனால் வீட்டில் இருக்க முடியவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினான். வலது கையில் கொத்து நிற்கவில்லை. மூன்று வெட்டுக்கு ஒரு தடவை நழுவிக் காலடியில் விழுந்தது. சட்டையின் கையைக் கிழித்து, உள்ளங்கையோடு பிடியைச் சேர்த்துச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். அப்படியே கொத்தினான். ஒரு வரிசை முடிவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. களையோடு சேர்த்துப் பயிரையும் வெட்டியிருந்தான்.

விறகுக் கட்டோடு ஆற்றங்கரைப் பாதையில் வந்த மாஜோலா நின்றாள்.

"கட்டிப்போட்டாத்தான் கொத்து நிக்குமோ?"

"வேர்வையில வழுக்குது."

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு அவன் வெட்டிய வரிசையைப் பார்த்தாள். தலையில் இருந்த கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அவள் முதுகு மறையும்வரை அவன் முடிச்சை அவிழ்க்கவில்லை.

மூன்றாவது தடவைக்கு மாவு வாங்கி வந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சனிக்கிழமை காலையில் எல்லோரும் வந்துவிட வேண்டும்.

"வெடி எத்தனை மணிக்கு?" என்றார்கள்.

"தள்ளி நின்னு பாக்கலாமா, கிட்ட வரலாமா?" என்றார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வருகிறோம் என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். வெறும் வேடிக்கை பார்க்கவாவது வருவார்கள்.

இந்தத் தடவை எதையும் அவசரப்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. கூழ் காய்ச்சும்போது படலைப் பார்க்கப் போய்விட்டு வந்ததில் லேசாக அடிப்பிடித்தது. மேலாக எடுத்து ஊற்றினான், அடியைச் சுரண்டவில்லை. இடது கையை விட்டுப் பார்த்து, பொறுத்து, மறுபடி பார்த்து, அதற்கப்புறம்தான் மாவைப் போட்டான். டிரம்மின் வாயில் துவைத்த துணியைப் போட்டுக் கயிற்றால் தளர்வாகக் கட்டினான். திறக்கக் கை துடித்தபோதெல்லாம் வாங்கி வைத்திருந்த ஆணியை எடுத்துப்போய் ஆட்டுப்பட்டியில் அடித்தான். அந்த வாரம் முடிவதற்குள் பட்டியில் ஆணி அடிக்காத கட்டை இல்லை.

அவன் கணக்குப் பண்ணாதது வெயிலை. மழை விட்ட பிறகு வந்த வெயில் தகரத்தை உருக்குவது போல அடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவன் எழுந்தபோது டிரம் தூறலாக இல்லை, கொட்டும் மழையாகப் பேசியது. துணி மேலே எழும்பி நின்றது. அவிழ்த்துப் பார்த்தான். நுரை விளிம்பு வரை வந்திருந்தது. ஒரு குவளை எடுத்துக் குடித்தான். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றான். ஆகிவிட்டது. நல்ல பீர். நாளைக்கு வரவேண்டியது இன்றைக்கே வந்துவிட்டது. இந்த வெயிலில் நாளை வரை வைத்தால் வாயில் வைக்க முடியாத காடிதான் மிஞ்சும்.

வடிகட்டும் புல் சல்லடையைத் தேடி எடுத்து, பிழிந்து பிழிந்து வடித்தான். சக்கையைக் கோழிக்குத் தள்ளினான். முதல் குவளையை மாட்டுத் தொழுவத்து வாசலில், செத்துப்போன பெரியவர்களுக்காகச் சிந்தினான். பிறகு ஓடினான்.

முதல் வீட்டில் ஆண்கள் இல்லை. இரண்டாவது வீட்டிலும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு ஊர் மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் இறக்கும் நாள். அவனுடைய இரண்டு மாடுகளையும் ஃபிகிலேதான் ஓட்டிப்போயிருந்தான்.

தொட்டிக்குப் போய்ச் சேரும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. மாடுகள் வரிசையில் முட்டி மோதின. ஆண்கள் எல்லோரும் கம்போடு நின்றார்கள்.

"பீர் வந்துருச்சு" என்றான்.

"நாளைக்குன்னுதானே சொன்ன?" என்றான் ஃபிகிலே.

"இன்னிக்கே பொங்கிடுச்சுய்யா."

"அதுகிட்டப் போயி, நாளைக்கு வான்னு சொல்லிட்டு வா."

சிரிப்பில் ஒரு மாடு மிரண்டு வரிசையை விட்டு ஓடியது. கால்நடை அதிகாரி கத்தினார். எண்ணி முடிக்காமல் ஒருத்தரும் நகரக்கூடாது என்றார். "மத்தியானம் ஆகும் பேலே" என்றார்கள் எல்லோரும். மத்தியான வெயிலில் யார் கொத்தப் போகிறார்கள்? குடிக்க மட்டும் வருவார்கள்.

திரும்பும் வழியில் அவன் ஓடவில்லை. கால் அதுவாக வேகமாகப் போயிற்று, ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. மாஜோலா வீட்டைத் தாண்டும்போது பேச்சுச் சத்தம் கேட்டது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அவளுடைய புது வட்டக் குடிசைக்கு மண்ணும் சாணமும் குழைத்துச் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை சேறு.

படலுக்கு வெளியே நின்றான்.

"மாஜோலா" என்றான். "என் பீர் ஒரு நாள் முந்திருச்சு. ஆம்பளைங்க எல்லாம் தொட்டியில நிக்கிறாங்க. நாளைக்கு அது வீணாப் போயிரும்." நிறுத்தினான். நிறுத்தினால் ஓடிவிடுவோம் என்று தோன்றியதால் தொடர்ந்தான். "போன வருஷம் உங்க வீட்ல நான் சொன்னது தப்பு. உங்க பீர் நல்லாத்தான் இருந்துச்சு. நாலு பேரு சிரிக்கணும்னு சொன்னேன்."

மாஜோலா சுவரைப் பூசிக்கொண்டே கேட்டாள். "எங்க, கொண்டா பாக்கலாம்."

வீட்டுக்குப் போய் ஒரு குவளையில் கொண்டுவந்தான். அவள் சேற்றுக் கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினாள். அவன்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். இடது கையில் குவளையைப் பிடித்து, சிந்தாமலிருக்க வலது கையை அடியில் கொடுத்தான். அந்தக் கை தாங்கவில்லை. குவளை சாய்ந்து அவள் மோவாயில் வழிந்தது. அவள் குனிந்து, அவன் கைக்கு ஏற்றபடி வாயைக் கொண்டுவந்து குடித்தாள். பாதிக்கு மேல் குடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அடி பிடிச்சிருக்கு."

"ஆமா."

"புளிப்பு ஒரு சிட்டிகை தூக்கல்."

"ஆமா."

"கம்பளி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"பரவால்ல, சொல்லிருங்க. எனக்கு வேணும்."

"சொல்லமாட்டேன். எங்க வீட்ல என்னை அப்படி வளக்கல." பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் அவன் கையைப் பார்த்துக் கேட்டாள். "இந்தக் கையில உணர்ச்சி போயி எவ்வளவு நாளாச்சு?"

அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயில் வேர்வை, குளிர், வழுக்கல் என்று எல்லாம் தயாராகத்தான் இருந்தது.

"சுரங்கத்துலயே போயிருச்சு" என்றான். "கூழு சுட்டது கூடத் தெரியல. கொத்துப் புடிக்க வரல. அதனாலதான் வேலைய விட்டேன்."

"வுயெல்வாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன்."

மாஜோலா கையை வாளித் தண்ணீரில் முக்கினாள். "ஈரச் சாக்கை எடுத்துச் சுவத்துல போடுங்கடி. மிச்சத்தச் சாயங்காலம் பூசிக்கலாம்."

"காஞ்சு வெடிச்சிருமே அக்கா" என்றாள் ஒருத்தி.

"வெடிச்சா பேலே வந்து பூசுவான். அவனுக்குத்தான் வெடிக்கிறது பழக்கமாச்சே."

களைக்கொத்துகள் வந்தன. பெண்கள் வரிசையாக நிலத்தில் இறங்கினார்கள். மாஜோலா பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பாட்டின் தாளத்துக்குக் கொத்துகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஸோலிலேயால் சும்மா நிற்க முடியவில்லை. வெட்டிய களையை இடது கையால் அள்ளி வரப்பில் போட்டான். தண்ணீர் சுமந்தான். வாளியில் பீரை எடுத்துப்போய், ஒவ்வொரு வரிசை முடியும்போதும் ஊற்றிக் கொடுத்தான். வழக்கத்தில் ஆண்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஆண்கள் யாரும் இல்லாததால் வழக்கத்தை யாரும் கேட்கவில்லை.

ஆண்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது டிரம் பாதிக்குக் கீழே போயிருந்தது. ஃபிகிலே நேராக வாளியிடம் வந்தான்.

"கொத்த எடு முதல்ல" என்றாள் மாஜோலா.

"தாகமா இருக்கு மாஜோலா."

"ஆத்துல தண்ணி ஓடுது."

புலம்பிக்கொண்டே அவர்களும் இறங்கினார்கள். வெயில் சாய்ந்து மேகம் கட்டி, பெரிய துளிகளாக மழை விழுந்தபோது, ஆற்றோரத்து மூலை மட்டும்தான் மிச்சமிருந்தது. எல்லோரும் அவன் குடிசைக்குள் ஓடிவந்து நெருக்கியடித்து உட்கார்ந்து, இருந்ததைக் குடித்தார்கள். அடிப்பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருத்தரும் தனித்தனியாக அவனிடம் சொன்னார்கள். ஃபிகிலே மட்டும் குவளையை மூன்று தடவை நிரப்பிக் குடித்துவிட்டு, நாலாவது தடவை நீட்டும்போது சொன்னான், "சுமார்தான்யா."

மழை விட்டதும் ஸோலிலே மேட்டில் ஏறினான். கீழே அவன் நிலம் கருப்பு மண்ணும் பச்சை வரிசையுமாகத் தெரிந்தது. ஆற்றோரத்து மூலையில் மட்டும் களை அடர்த்தியாக நின்றது. இரண்டு தடவை மணி அடித்ததும் வுயெல்வா போனை எடுத்தாள்.

"என் வலது கை போயிருச்சு" என்றான். அவள் ஹலோ சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"தெரியும்" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

"போறேன்."

"சத்தியமா?"

"மாஜோலாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் பாதி வழியில எறங்கிடுவேனாம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு மாறி நின்றான்.

"பீர் எப்படி வந்துச்சு?"

"அடி பிடிச்சிருச்சு. காய்ச்சும்போது எந்திரிச்சுப் போயிட்டேன்."

"எனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"நிக்காது வுயெல்வா. நாளைக்கே காடியாயிரும். நீ வரும்போது புதுசாக் காய்ச்சுறேன்."

கீழே குடிசையில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். ஃபிகிலேயின் குரல் எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது. மிச்சமிருப்பதை அவன் ஒருத்தனாகக் காலி செய்துவிடுவான் என்று ஸோலிலேக்குத் தோன்றியது. பேசிக்கொண்டே சரிவில் இறங்கினான். பாதியில் சிக்னல் போய்விட்டது.